பல் டாக்டரின் விழாத ஃபங்ஷன்

எங்கள் ஆபீசில் என் மச்சானுக்குப் பல் டாக்டர் என்று பெயர். அவன் இதுவரை யார் பல்லையும் பிடுங்கியதில்லை. கடைகளின் இணையப் பக்கங்களிலிருந்து விலை, பொருளின் பெயர், படம் என்று வேண்டியதை மட்டும் பிடுங்கி எடுப்பதுதான் வேலை. நான் அவனுக்குப் பக்கத்து நாற்காலி. அவன் தங்கையை நான் கட்டிக்கொண்ட பிறகு, எல்லார் முன்னாலும் மச்சான் என்று கூப்பிட்டால் அவனுக்குக் கூச்சம். பல் டாக்டர் என்றால் சிரித்தபடி திரும்புவான்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திரையில் அழகாகத் தெரிகிற பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்தால், டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா. எச்டிஎம்எல் என்பது அதுதான். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். இந்தப் பெயருள்ள டப்பாவைத் தேடி உள்ளே இருப்பதைக் கொண்டுவா என்று ஏவினால், போய்க் கொண்டுவருகிற சின்னச் சின்ன நிரல் துண்டுகளை, அதாவது ஃபங்ஷன்களை, அவன் எழுதுவான். பிறகு அவற்றுக்கு டெஸ்ட் எழுதுவான். தானே ஒரு பொய்ப் பக்கம் செய்து, அதில் தானே ஒரு விலையை வைத்து, ஃபங்ஷன் அதைச் சரியாக எடுக்கிறதா என்று பார்ப்பான். எடுத்தால் பச்சை, தவறினால் சிவப்பு. கேள்வித்தாளும் அவன் கையெழுத்து, விடைத்தாளும் அவன் கையெழுத்து. பச்சை வராமல் என்ன செய்யும்?

மற்றவர்கள் எழுதியவை அடிக்கடி பாதி ஓட்டத்தில் விழும். வேலை நின்றுபோகும், மேனேஜர் குதிப்பார். பல் டாக்டர் எழுதியது மட்டும் விழாது. தேடிய டப்பா கிடைக்காவிட்டாலும் கூச்சல் போடாமல் வெறும் கையோடு திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லும். அப்படிச் சொல்கிறதா என்பதற்கும் ஒரு டெஸ்ட் வைத்திருந்தான். அதுவும் பச்சை.

ஆளும் அப்படித்தான். காய்ச்சலில் கொதிக்கும்போது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பான். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று தங்கைக்குப் போன் செய்து, "ஒண்ணுமில்ல, சும்மா கிளம்பி வா" என்றானாம். அவள் சாவகாசமாகக் குளித்து, தலை வாரி, வழியில் அப்பாவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அந்தப் பழப்பையைச் சொல்லி இன்றைக்கும் அவனைத் திட்டுவாள்.

இப்படியிருக்க, என் மாமியாருக்கு, அதாவது அவன் அம்மாவுக்கு, இடது கண்ணில் கோளாறு வந்தது. கதவின் ஓரம் வளைந்து தெரிகிறது என்றார். எதிரில் நிற்பவரின் மூக்கைக் காணோம் என்றார். பக்கத்துத் தெருக் கண் டாக்டர் பார்த்துவிட்டு, "விழித்திரையில பிரச்சினை. பெரிய ஆஸ்பத்திரியில ஊசி போடணும். தள்ளிப் போடாதீங்க, போன பார்வை திரும்பி வராது" என்றார். பெரிய ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்திலோ எப்போது பார்த்தாலும் முன்பதிவுக்கு இடம் காலி இல்லை. யாராவது ரத்து செய்தால் ஒரு இடம் தலைகாட்டும். கண் மூடித் திறப்பதற்குள் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

என் மனைவி அடுப்படியில் நின்றபடி, துணி மடித்தபடி, போனைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன்காரன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏன் இப்படி உயிரை விடற? இதுதானே என் பொழப்பே. மெஷின் பாத்துக்கும். இடம் வந்தா என் போன்ல மணி அடிக்கும். நீ நிம்மதியா இரு."

"நிஜமாவா அண்ணா?"

"பின்ன, விளையாட்டா?"

அன்றே எழுதிவிட்டான். ஆபீசில் ஓடுகிற அதே ஃபங்ஷன்கள்தான், டப்பாக்களின் பெயர்கள் மட்டும் வேறு. எல்லாம் பச்சை. ஆரம்பத்தில் ஒருமுறை மணிகூட அடித்தது. அவன் பாத்ரூமிலிருந்து ஈரக் கையோடு ஓடி வருவதற்குள் இடம் பறிபோனது. இடம் போனாலும் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என் மனைவி போனைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

அதன் பிறகு மணி அடிக்கவே இல்லை. "என்னடா, ஏதாவது வந்துச்சா?" என்று மாமியார் தினமும் கேட்பார். "இல்லம்மா, காலி இல்ல" என்பான். அவர் தலையாட்டிக்கொண்டு, காப்பிக் கோப்பையைத் தடவி எடுப்பார்.

ஒருநாள் மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மாள் என் மனைவியிடம், தன் கணவருக்கு அதே ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது என்றாள். "மத்தியானத்துல அடிக்கடி வருதே, நீங்க பாக்கலையா?" என்று வேறு கேட்டிருக்கிறாள். என் மனைவி அங்கேயே படியில் உட்கார்ந்து போனை எடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு இடம் வந்தது. அமுக்கினாள், கிடைத்துவிட்டது. உடனே எனக்குப் போன்.

"உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, இடம் கிடைச்சாச்சுன்னு. அவரோட மெஷினுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடச் சொல்லுங்க."

சொன்னேன். அவன் பேந்தப் பேந்த விழித்தான். டெஸ்டுகளை ஓட்டினான்.

"எல்லாம் பச்சை மாப்ள."

"அப்போ இந்த இடம் எங்கேருந்து குதிச்சுது?"

"அதான் எனக்கும் புரியல."

புதிதாகச் சில டெஸ்டுகளைச் சேர்த்தான். அவையும் பச்சை. ஆஸ்பத்திரியின் உண்மையான பக்கத்தையும் திறந்து பார்த்தோம். அந்த நேரத்தில் நிஜமாகவே காலி இல்லை. ஃபங்ஷனும் காலி இல்லை என்றது. இரண்டும் ஒத்துப்போனதில் எனக்குத் தலை சுற்றியது. சிவப்பு வந்தால் தப்பு எங்கே என்று தேடலாம். எல்லாமே சரி என்றால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? ஒருவேளை மெஷினுக்கு ஒரு பக்கமும் மனிதர்களுக்கு வேறு பக்கமும் காட்டுகிறார்களோ என்றான். ஒருவேளை தங்கை வேறு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டாளோ என்றும் கேட்டான். நல்லவேளை, அதை அவளிடம் கேட்கவில்லை.

நாங்கள் மூவரும் மாமியாரை அழைத்துக்கொண்டு போனோம். அது வேறு ஆஸ்பத்திரி இல்லை. ஊசிக்கு முன்னால் ஒரு பெண் அவருடைய வலது கண்ணை மூடி, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டினாள்.

"இந்த வரிசையில என்ன இருக்கும்மா?"

"ஒண்ணும் இல்ல."

"அங்க ஒண்ணுமே இல்லையா, இல்ல உங்களுக்குத் தெரியலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

"இல்லம்மா, ரெண்டையும் வேற வேறயா எழுதணும்" என்றாள் அந்தப் பெண், கொட்டாவியை அடக்கியபடி.

மச்சான் விருட்டென்று எழுந்து வெளியே போனான். போய்ப் பார்த்தால், நடைபாதை பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்துவைத்து ஆஸ்பத்திரிப் பக்கத்தின் உட்புறத்தைக் குடைந்துகொண்டிருந்தான். காலி இடங்கள் வருகிற டப்பாவின் பெயரை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். ஃபங்ஷன் பழைய பெயரில் தேடிவிட்டு, டப்பாவே கிடைக்காமல், வழக்கம்போல வெறும் கையோடு வந்து காலி இல்லை என்று சொல்லியிருக்கிறது. அவன் செய்த பொய்ப் பக்கங்களில் பழைய பெயர் அப்படியே இருந்ததால் எல்லாம் பச்சை.

"இது விழுந்திருக்கணும் மாப்ள" என்றான். "விழுந்து தொலைஞ்சிருக்கணும்."

எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

ஊசி போட்டு முடித்து மாமியாரைப் படுக்கையில் உட்காரவைத்தார்கள். இடது கண்ணின் மேல் பஞ்சு. டாக்டர் வந்து, மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம், பார்வையின் நடுவில் போனது போனதுதான் என்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"இடம் கிடைச்சாத்தானே டாக்டர் வர முடியும்?" என்றார் மாமியார். "என் பையன் ராப்பகலா பாத்துக்கிட்டே இருந்தான்."

டாக்டர் போய்விட்டார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று நான் நினைத்தேன்.

"இடம் இருந்துச்சும்மா" என்றான். "என் மெஷின் பாக்கல. பாக்கலைங்கிறது எனக்கும் தெரியல."

"எப்பலேர்ந்துடா?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான். ஃபங்ஷன் சொன்ன பதில்கள் அத்தனையும் அதில் இருந்தன. காலையில் காலி இல்லை, மத்தியானம் காலி இல்லை, சாயங்காலம் காலி இல்லை. நிஜமாகவே இடம் இல்லாத நாளும், டப்பா கிடைக்காத நாளும் ஒன்றுபோலவே இருந்தன. மேலே போனான், கீழே வந்தான், மறுபடி மேலே போனான்.

"தெரியலம்மா."

அவன் வேறு ஏதாவது சொல்வான் என்று மாமியார் காத்திருந்தார். பிறகு முகத்தைத் திருப்பி, நல்ல கண்ணால் மகளைத் தேடினார்.

"மறுபடியும் ஊசி போட வரணுமாமே. அடுத்த தடவைக்கு நீயே பாத்துடும்மா."