நாலு விநாடி நெருப்பு

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷனில் குளிர் தாமதமாகத்தான் வந்தது. அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசல் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. சாந்தாமணி அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஹீட்டரைப் போட்டாள். கீழே பேஸ்மென்ட்டில் வீட்டுக்கே சூடு தரும் கேஸ் ஃபர்னஸ் உறுமியது, பக்கென்று பற்றியது, அணைந்தது. மறுபடி உறுமல், மறுபடி பக், மறுபடி அணைந்தது. மூன்று தடவை முயன்றுவிட்டு அதற்கே சலித்துப்போய் வாயை மூடிக்கொண்டது.

மூன்று வயது ஓவியா போர்வையை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இட்ஸ் கோல்டு."

அந்த டவுன்ஹவுஸ் வரிசையில் சாந்தாமணியை எல்லாருக்கும் தெரியும். பாலுவின் ஒய்ஃப், தேங்காய் பர்ஃபி நன்றாகச் செய்வாள். அவள் கோயமுத்தூரில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவள், பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஐந்து வருஷம் மெயின்டெனன்ஸ் இன்ஜினியராக இருந்தவள் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. மில்லில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் ஃபிட்டர்கள், "மேடம் வரட்டும்" என்று கைகட்டி நிற்பார்கள். இங்கே அவளுக்கு எச்-ஃபோர் விசா. புருஷன் வேலை பார்க்கலாம், பெண்டாட்டி பார்க்கக் கூடாது. அப்படி ஒரு சட்டம், அதை எழுதிய மகராசன் நன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு படிவத்திலும் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதி எழுதி அவளுக்கே அது பழகிவிட்டது. நாலு வருஷமாக அவள் கைபட்ட பெரிய மெஷின் மிக்ஸிதான்.

ரிப்பேர் கம்பெனிக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமைதான் ஆள் வருமாம். வீட்டில் ஹஸ்பண்ட் இருக்கிறாரா என்று போனை எடுத்த பெண் கேட்டாள். இல்லை, டெக்ஸாஸில் ப்ராஜெக்ட் என்றதும், அப்படியானால் எதையும் தொடாதீர்கள் என்றாள்.

டாலஸில் இருந்த புருஷன் பாலசுப்ரமணியனும் அதையேதான் சொன்னார். "அது கேஸ் சமாச்சாரம் கண்ணு. நீ கைய கிய்ய வெச்சுப் போடாத. பாப்பாவக் கூட்டீட்டு விஷாகா வீட்டுக்குப் போயிரு."

"செரிங்க," என்றாள்.

விஷாகா அடுத்த தெரு. நல்லவள், மூன்று நாள் என்ன, முப்பது நாள் இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். பையில் ஓவியாவின் துணியை அடுக்கும்போதுதான் சாந்தாமணிக்குக் கோபம் வந்தது. புருஷன் மேல் இல்லை, தன் மேல். ஒரு மில்லையே கட்டி மேய்த்தவள், ஒரு அடுப்பு எரியவில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? இன்றைக்கு ஓடினால், தான் இன்ஜினியர் என்று இனி மனசுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. பையை அப்படியே போட்டாள். ஓவியாவுக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டி டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

முதலில் மோந்து பார்த்தாள். கேஸ் வாடை இல்லை. பிறகு முன் தகட்டைக் கழற்றினாள். தகட்டை எடுத்தால் கரண்ட் தானாக நிற்கும்படி உள்ளே ஒரு பொத்தான் இருந்தது. அதை விரலால் அழுத்திக்கொண்டு வெறுமனே பார்த்தாள். கையை வைக்கும் முன் கண்ணை வை என்பது அவள் மில்லில் எல்லாருக்கும் சொல்லும் பாடம். சின்ன ஃபேன் சுற்றியது. பற்றவைக்கும் துண்டு கனன்று சிவந்தது. கேஸ் திறந்து நீல நெருப்பு வரிசையாக ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அணைந்தது.

ஆக, பற்றுவதில் கோளாறு இல்லை. பற்றியது மெஷினுக்குத் தெரியவில்லை. தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தில் விரலை ஓட்டினாள். நெருப்பில் படும்படி ஒரு மெல்லிய கம்பி இருந்தது. நெருப்பு இருக்கிறது என்று அதுதான் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் கேஸ் பரவாதபடி மெஷினே மூடிவிடும். ஸ்விட்சை அணைத்தாள், கேஸையும் மூடினாள், ஒரே ஒரு திருகாணியைக் கழற்றிக் கம்பியை வெளியே எடுத்தாள். பளபளவென்று இருக்க வேண்டியது நடுவில் கரிபிடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். கரிக்கு அடியில் மஞ்சள். மோந்து பார்த்தாள்.

சந்தனம்.

போன மாதம் ஆயுத பூஜை. பாலு காருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தார். மில்லில் வருஷா வருஷம் ஒரு மோட்டார் விடாமல் பொட்டு வைத்த கை, அவளுக்கும் நமநமத்தது. கீழே வந்து ஃபர்னஸைத் திறந்து ஃபேனுக்கு, வால்வுக்கு என்று வைத்துக்கொண்டே வந்தவள், இந்தக் கம்பியை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் தாராளமாகவே அப்பியிருந்தாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவள் வினை வீட்டையே குளிரில் போட்டுவிட்டது. அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்து கம்பி வெள்ளையாகும் வரை தேய்த்தாள். துடைத்து மாட்டினாள், கேஸைத் திறந்தாள், தகட்டை மூடினாள், ஸ்விட்சைப் போட்டாள். பக்கென்ற சத்தம் கேட்டதும் தகட்டில் காதை வைத்து நாலு எண்ணினாள். ஐந்து. ஆறு. இருபது எண்ணியும் நெருப்பு அணையவில்லை. பெரிய ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மேலே போனபோது, தரையில் சூடான காற்று வரும் கம்பிச் சட்டத்தின் மேல் ஓவியா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பாலு பதறிக்கொண்டு கூப்பிட்டார். "விஷாகா நீ வரவே இல்லைங்கறா?"

"ஹீட்டர் ஓடுதுங்க. மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் பாத்தாங்க."

"வெள்ளிக்கிழமைன்னியே?"

"இவிங்க வீட்டோடயே இருக்கறவிங்க."

யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்லக் கேட்டார். "என்ன கோளாறாமா?"

"அந்த இன்ஜினியரம்மா ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனந்தானுங்க."

அவர் வெடித்துச் சிரித்தார், இவளும் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் இன்ஜினியர் என்ற அந்த வார்த்தையைத் தன்னைக் குறித்து வாய்விட்டுச் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. போனை வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் அந்தச் சூட்டில் உட்கார்ந்து, ஆற அமர அழுதாள்.