எக்ஸும் புள்ளியுமாக ஒரு பெரிய சார்

போன வாரம் என் தங்கை மகன் வடலூருக்கு வந்திருந்தான். காபியைக்கூடத் தொடாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "பெரியம்மா, உங்க போட்டோவப் போட்டேன். ஒரே செகண்டுல எழுத்தாலயே வரைஞ்சு குடுத்துருச்சு!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாக எண்ணும் எழுத்தும் அப்பிக் கிடந்தன. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து எட்டுகள். "இதுவா நானு? தோசை பிஞ்சு கல்லுல ஒட்டின மாதிரியில்ல இருக்கு" என்றேன். "புது டெக்னாலஜி பெரியம்மா, உங்களுக்குப் புரியாது" என்றான். எனக்கு வந்ததே கோபம். புதுசாம், புதுசு! இவன் அம்மா பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த காலத்திலேயே நெய்வேலியில் டைப்ரைட்டரில் முகம் அடித்தார்கள். அடித்தவர்களுக்கு மூக்கு எங்கே இருக்கும் என்றும் தெரியும்.

நான் டைப் படித்த இன்ஸ்டிடியூட்டில் சுவரில் ஒரு பிள்ளையார் தொங்குவார். எல்லா இன்ஸ்டிடியூட்டிலும் தொங்குவார், உங்கள் ஊரிலும் தொங்கியிருப்பார். உடம்பு முழுக்க எக்ஸ், தந்தம் மட்டும் வெறும் தாள். பழைய நினைப்பு என்பதற்காக அவரைத் தூக்கி வைத்துப் பேசப் போவதில்லை. அது சொந்தச் சரக்கே அல்ல. முதல் வரியில் இத்தனை இடம் விடு, இத்தனை எக்ஸ் அடி, அடுத்த வரிக்குப் போ என்று சமையல் குறிப்பு மாதிரி ஒரு தாள் கைமாறிக் கைமாறி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்குக் கடைசி வரி அடிக்கிற வரைக்கும் வருவது பிள்ளையாரா முருகனா என்பதே தெரியாது. அதை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு எங்கள் மாஸ்டர் விட்ட பீற்றல் இருக்கிறதே, அப்பப்பா.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலத் தாளில் பிரிண்டர் தடதடவென்று அடித்த லட்சுமி, கீழே புது வருடக் காலண்டர். அதற்கும் அடிதடி, ஜி.எம். ஆபீசுக்கு ரெண்டு, யூனியன் ஆபீசுக்கு ரெண்டு. அப்புறம் செல்போனில் முற்றுப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கட்டி அனுப்பிய ரோஜாப்பூ. அனுப்பியவன் போனில் பூ, வாங்கியவன் போனில் புதர். இதெல்லாம் ஒரு கலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் பார்த்த நிஜமான படம் ஒன்றே ஒன்று. அதை அடித்தவள் செல்வமணி.

நான் வேலை பார்த்தது டவுன்ஷிப்புக்குள் ஓர் அலுவலகம். எது என்று கேட்காதீர்கள். நீள ஹாலில் எட்டு டைப்ரைட்டர். உள்ளே நுழைந்ததுமே ரிப்பன் மை, மிஷின் எண்ணெய், யாரோ டிபன் பாக்ஸில் கொண்டுவந்த பலாச்சுளை, மூன்றும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். நான் பர்மனென்ட். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான், அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. செல்வமணி என்னைவிட ரெண்டு வயது சின்னவள், கான்ட்ராக்ட். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவாள். அவள் அப்பா அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிறவர்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே இடது ஓரத்தில், கடிதம் சொன்ன அதிகாரியின் இனிஷியல், ஒரு சாய்கோடு, அடித்த டைப்பிஸ்ட்டின் இனிஷியல். தப்பு வந்தால் யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா? கான்ட்ராக்ட் ஆட்கள் கடிதம் அடிக்கக் கூடாது, உறையில் விலாசம் அடிக்கலாம், அவ்வளவுதான். இது சட்டம். நடந்தது வேறு. என் மேஜைக்கு வந்த கடிதத்தில் முக்கால்வாசி செல்வமணிதான் அடித்தாள். கீழே மட்டும் என் இனிஷியல், கே.வி. இரண்டு வருஷம் இப்படி. நான் அந்த நேரத்தில் ஸ்வெட்டர் பின்னினேன். நெய்வேலி வெயிலில் ஸ்வெட்டர்!

எங்கள் ஆபீஸின் தலைமை அதிகாரி, எல்லாருக்கும் பெரிய சார், ரிட்டயர் ஆகும் மாசம் வந்தது. போவதற்கு முன் டைப்பிஸ்ட் வேலைக்கு ஒரே ஒரு கான்ட்ராக்ட் ஆளைப் பர்மனென்ட் ஆக்கிக் கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு. எங்கள் சூப்பிரண்டு, காக்கா பிடிப்பதில் கைதேர்ந்த மனிதர், செல்வமணியைக் கூப்பிட்டார். "ஒன் ஃபைல் அவர் டேபிள்லதான் இருக்கு. நீ படம் அடிப்பியாமே? சார் மூஞ்சிய அடி. ஃபங்ஷன்ல குடுப்போம். ஒம் பேரு அவர் கண்ணுல படட்டும்."

செல்வமணி பதினைந்து நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க மிஷினோடு உட்கார்ந்தாள். சமையல் குறிப்புத் தாள் எதுவும் கிடையாது. சாரின் போட்டோ மேல் பென்சிலில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து அடித்தாள். காதோர முடிக்கு டபிள்யூ, அதன் மேலேயே எம். கன்னத்து நிழலுக்கு எக்ஸ். தாடைப்பக்கம் வெளிச்சம் வர வர முக்காற்புள்ளி, காற்புள்ளி, கடைசியில் வெறும் புள்ளி. புள்ளியையும் மெதுவாகத் தட்டினால் ஒரு நிறம், ஓங்கித் தட்டினால் ஒரு நிறம். கண்ணுக்குக் கீழே தொங்கும் சதைக்கு மட்டும் பழைய ரிப்பனைத் தேடி மாட்டினாள்.

"வழுக்கைக்கு இன்னாக்கா அடிக்கிறது?" என்றாள் ஒருநாள்.

"ஒண்ணும் அடிக்காத. சார் மண்டைக்குள்ளயும் ஒண்ணும் இல்ல, வெளியவும் ஒண்ணும் இல்ல."

புளிசாதம் புரையேறும் வரை சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. "இது கெடச்சிட்டா எங்கப்பாவ வூட்ல குந்த வச்சிடுவேங்க்கா. வெயில்ல வேல செஞ்சி செஞ்சி அதுக்குக் கண்ணே தெரியமாட்டேங்குது."

கடைசி நாள் முடித்துவிட்டு, ஃப்ரேம் போட என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மெயின் பஜார் கடையில் தாளை விரித்தபோதுதான் பார்த்தேன். பெரிய சார் அசலாக உட்கார்ந்திருந்தார், இப்போது வாயைத் திறந்து எரிந்து விழுவார் போல. கீழே இடது ஓரத்தில், ஒரு சாய்கோடு, கே.வி.

அவள் பெயரை அடிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு தாளின் முடிவிலும் போய் நின்ற கை, இந்தத் தாள் முடிந்ததும் அங்கேயே போய் நின்றிருக்கிறது. அவள் கவனிக்கவும் இல்லை. ரப்பர் போட்டு அழித்திருக்கலாம். மறுநாள் காலையில் அவளிடமே காட்டி, மேலே அவள் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கலாம். 'தேய்த்தால் தாள் கெட்டுவிடும், இத்துணூண்டு எழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்காரர் கண்ணாடி போட்டுவிட்டார்.

யார் பார்க்கப் போகிறார்களாம்? முப்பது வருஷம் கடிதத்தின் கீழ் ஓரத்தை முதலில் பார்த்தே பழகிய மனுஷன் பார்க்காமல் இருப்பாரா? ஃபங்ஷனில் படத்தைக் கையில் வாங்கியதும் தன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நேரே அந்த ஓரத்துக்குப் போனார். "யாரும்மா இந்த கே.வி.? ஸ்டேஜுக்கு வா."

செல்வமணியைச் சொல்ல வேண்டிய சூப்பிரண்டு, சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். நானும் போனேன். எனக்குச் சால்வை போட்டார்கள். ஹாலே கை தட்டியது. ஹாலின் கடைசியில் செல்வமணி மிக்சர் தட்டோடு நின்றாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஃபங்ஷன் என்றால் அந்த வேலைதான். சார் மைக்கை என் பக்கம் திருப்பினார். நான் வாயைத் திறந்தேன். "தேங்க் யூ சார்" என்று வந்தது. இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் நக்கலடித்தேனே, எல்லாரையும்விடக் கேவலமான பிறவி அந்த மேடையில்தான் நின்றது.

"இவ்ளோ டேலன்ட்ட டைப்பிங்ல வச்சி வீணடிக்கிறீங்களே, கம்ப்யூட்டர் செக்ஷனுக்குப் போடுங்க" என்றார் சார். ஏ.சி. ரூமில் எனக்கு மேஜை வந்தது. செல்வமணியின் ஃபைலில் கையெழுத்து விழவில்லை. மறுநாள் அவள், "நானேதான் ஒங்க இனிஷியல அடிச்சேனாக்கா? பாருங்க, கைப்பழக்கம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆறு மாசத்தில் அவள் கான்ட்ராக்டும் முடிந்தது.

ரொம்ப வருஷம் கழித்துப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பத்திர ஆபீஸ் எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டாராம், கடைசி வரைக்கும் தோப்பு வேலைதானாம். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மைக்குல வாயத் தொறந்தீங்க பாருங்க. அக்கா சொல்லப் போவுதுன்னு தட்டக் கீழ வச்சிட்டு நின்னுக்கினு இருந்தேங்க்கா." அவள் பஸ் வந்துவிட்டது.

இப்போது அந்த ஹால் இல்லை, இடித்துவிட்டார்கள். எட்டு டைப்ரைட்டரும் எடைக்குப் போயின. கடிதத்தின் கீழே யாரும் இனிஷியல் போடுவதில்லை. பெரிய சார் காலமாகி, அவர் மகன் வீட்டைக் காலி செய்தபோது படத்தையும் கழித்துப் போட்டுவிட்டானாம். எங்கள் ஊரில் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். அன்று கை தட்டியவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதே தெரியாது. அந்தப் படத்தை அடித்தது நானில்லை என்று இப்போது என்னால் கூசாமல் சொல்ல முடியும். சொல்லலாம் என்றால், அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் எனக்கு இருப்பிடம் தெரிந்தது செல்வமணி ஒருத்திதான்.