ஒழுங்கையை விழுங்கிய வேலிகள்

எங்கள் குறிச்சி இரண்டாக உடையாமல் தப்பியதற்குக் காரணம், நானும் எதிர்வீட்டு அக்காவும் பிடித்த வேலிச் சண்டைதான். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

உரும்பிராய்ப் பக்கம், எங்கள் வளவுக்கும் அக்காவின் வளவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை. ஒரு காலத்தில் மாட்டுவண்டி போகுமாம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது சைக்கிள்தான் போனது. வருடாவருடம் வேலி அடைக்கும்போது அக்கா தன் வேலிக் கதியால் தடிகளை நாலு விரல் வெளியே தள்ளி நடுவார். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பேனா? நானும் தள்ளினேன். கடைசியில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒழுங்கை மெலிந்துவிட்டது. அரசாங்கம் கிராம சேவகர் என்று பெயர் மாற்றினாலும் நாங்கள் விதானையார் என்றே கூப்பிடுகிறவரிடம் போய், என்னை "ஒழுங்கையைத் திண்டவள்" என்று அக்கா முறைப்பாடு வைத்தார். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

கிளிநொச்சியை யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கிய பிறகு, பிரிக்கிற காய்ச்சல் ஊருக்குள்ளும் வந்து சேர்ந்தது. விதானையார் பிரிவு எங்களுடையதும் இரண்டாகிறது, எல்லை அந்த ஒழுங்கை என்று கேள்விப்பட்டேன். அரிசியும் மண்ணெண்ணெயும் அந்தந்தப் பிரிவின் கூட்டுறவுச் சங்கக்கடையில்தான் பங்கீடு. எங்கள் சங்கக்கடை அக்காவின் பக்கம், கூப்பிடு தூரத்தில். நான் புதிய பிரிவுக்குப் போனால் வெட்டைவெளித் தெருவால் அடுத்த ஊர்க் கடைக்கு நடக்க வேண்டும். ஆமி ஹெலிகொப்டர் வந்து சுட்டால் ஒதுங்க ஒரு மரம் இல்லாத தெரு அது. கணவர் சவூதியில். இரண்டு சின்னப் பிள்ளைகளை யாரிடம் விட்டுப்போவது?

ஒருநாள் காலை அரசாங்கக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் வரைபடத்தோடு சைக்கிளில் வந்தார்.

"இதிலை வண்டி ஒழுங்கை ஒண்டு கீறிக்கிடக்கு. எங்கை அது?"

அக்காவும் நானும் கூடிவந்த அயற்சனமும் காட்டினோம். சைக்கிளை உள்ளே விட்டுப் பார்த்தார். ஹாண்டில் இரண்டு பக்கக் கிளுவை வேலியிலும் சிக்கியது. இழுத்த இழுப்பில் சேட்டுக் கையும் கிழிந்தது. அவர் மூத்தவரான அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. வேலியளைத் தள்ளித் தள்ளி அடைச்சிருக்கினமோ?"

அக்கா வருடக்கணக்காகக் காத்திருந்த கேள்வி அது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வேலி பிடுங்கப்படும், ஒழுங்கை திரும்பி வரும், எல்லையும் அதிலேயே விழும்.

அக்கா என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஆர் ஐயா தள்ளினது? நான் கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் உது இவ்வளவுதான். ஆடு போற பாதை. உதை எல்லையெண்டு போட்டால் சனம் சிரிக்கும்."

"ஓம் ஐயா, ஆடுதான் போறது" என்றேன் நானும்.

அவர் வரைபடத்தை மடித்தார். "அப்ப பெருந்தெருவைத்தான் எல்லையாப் போடவேணும்."

பெருந்தெரு எங்கள் வீடுகள் எல்லாவற்றுக்கும் அப்பால் இருந்தது. குறிச்சி முழுவதும் ஒரே பிரிவு! அவர் தெரு முடக்கால் திரும்பும்வரை பொறுத்திருந்த சனம் கைதட்டி ஆரவாரித்தது. யாரோ எல்லாருக்கும் தேத்தண்ணீர் வைத்துப் பனங்கட்டியோடு கொண்டுவந்தார்கள். தேர் இழுத்து முடித்த நாள் போல எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ போனால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? உந்தப் பிள்ளையளை வெட்டைக்குள்ளாலை நடக்க விடச் சொல்லுறியோ?"

அடுத்த பங்கீட்டு நாள். சங்கக்கடை வரிசையில் அக்கா என்னை இடித்துக்கொண்டு முன்னே போனார்.

"வரிசையிலை வாங்கோ அக்கா!"

"ஒழுங்கையைத் திண்டவளின்ரை வாயைப் பார்!"

கடையே சிரித்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலும் அரிசிப் பையும் என் கையில். என் சின்னவள் அக்காவின் இடுப்பில். வீட்டுப் படலை வரைக்கும் நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டே நடந்தோம்.