ஒரு முழம் அதிகமாகத் தோண்டிய குளம்

2005-ஆம் வருடம். ஐப்பசி பிறக்கச் சில நாட்களே இருந்தன. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் தெருவுக்கென்று வெட்டிய புதுக் குளத்தின் அடியில் தண்ணீர் ஊறி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் தண்ணீர்கூட அவ்வளவு கரிக்காது. அந்தக் குளத்தைக் கெடுத்தவள் வேறு யாரும் இல்லை, நான்தான்.

சபையாரே, எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும். அதுவும் பெயர் முடிவதற்குள் தாள் முடிந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சலோமி எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவாளாம். என்னைத் திருத்தாமல் விட்டால் சரி.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி எங்கள் தெரு. முந்தின வருடக் கடைசியில் கடல் பொங்கி வந்தபோது எங்கள் வீடுகள் தப்பின. குடிக்கிற குளம் தப்பவில்லை. வீடு போனவர்களுக்கு எங்கெங்கிருந்தோ உதவி வந்தது. வர வேண்டியதுதான். வீடு நின்ற எங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை. கொஞ்ச நாள் லாரித் தண்ணீர் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. பக்கத்து ஊர் அடி பம்புக்குத்தான் நடக்க வேண்டும். உப்பளத்து வரப்பு வழிதான், வழுக்கும். அந்த வரப்பில் குடத்தோடு விழுந்துதான் சலோமி தன் முதல் பிள்ளையை வயிற்றிலேயே இழந்தாள். இப்போது மறுபடியும் ஆறாம் மாதம். என் முழங்காலோ இரண்டு குடத்துக்கு மேல் தாங்காது. தினமும் எனக்கு அந்த வரப்புதான் கண்ணில் நின்றது.

அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட் ஊர் வேலைகளுக்கு உதவி தருகிறது என்று கேள்விப்பட்டோம். எங்கள் மகளிர் குழு ஒரே ஒரு பக்கம் மனு எழுதிக் கொடுத்தது. அங்கிருந்து வசந்தி மேடம் மொபெட்டில் வந்தார்கள். தெருவில் உட்கார்ந்து எங்கள் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்கள். பெரிய பணம் இல்லை. தோண்டுகிற சாமானுக்கும் படிக்கட்டுக்கும் வேலிக்கும் அவர்கள் தருவார்கள், உழைப்பு எங்களுடையது. மழைத் தண்ணீரைத் தேக்க வேண்டும், ஆழமாகப் போகக் கூடாது, போனால் அடியில் உப்பு ஊற்று என்று சொல்லி, அளவு போட்டு ஒரு குச்சியும் நட்டுவிட்டுப் போனார்கள்.

குச்சி நட்டு என்ன பயன்? நாங்கள் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். பாத்திக்கு உப்புத் தண்ணீர் இறைக்கக் கிணறு தோண்டினால், ஊற்று வரும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கக் கூடாது. ஊற்று கண்டால்தான் முதலாளி டீ வாங்கித் தருவார். அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிப்போச்சு. அடி மண் ஈரமாகத் தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஈரம் தெரியுதுடி! இன்னும் ஒரு மொழம் போடுங்க!"

போட்டார்கள். தண்ணீர் குபுகுபு என்று வந்தது. எல்லாரும் கை தட்டினோம். பக்கத்து வீட்டுக் காசியம்மா டீக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவள்தான் முதலில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள்.

"அடிப்பாவி எஸ்தரு! குடிக்கத் தண்ணி கேட்டா, எடுத்தாந்து உப்பளத்த குடுத்திட்டியே!"

யாரும் சிரிக்கவில்லை. வந்த டீயையும் யாரும் குடிக்கவில்லை.

மூன்று நாளில் மேடம் பார்க்க வருவதாக இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. மழை இறங்கினால் நல்ல தண்ணீரும் அந்த உப்பில் கலந்துவிடும். ஒரு வருட மழை போனால் வரப்புதான் கதி. இந்தக் கோளாறு தெரிந்தால் இனி எங்கள் தெருவுக்கு யார் உதவி செய்வார்கள்? என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. மேடம் வருகிற அன்று குளத்து ஓரம் ஒரு குடம் பம்புத் தண்ணீரை வைத்து, இதுதான் எங்கள் குளத்துத் தண்ணீர் என்று ஒரு டம்ளர் கொடுத்துவிடலாம்.

அன்று காலையில் சமையல்கட்டில் நிறைகுடம் இருந்தது. எடுக்கப் போனேன். சலோமி வாசலில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுவதற்குள் அவளே போய்த் தூக்கி வந்திருக்கிறாள்.

"எதுக்கு அத்த அந்தக் கொடம்?"

சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"இன்னைக்கு மேடத்த ஏமாத்திடலாம் அத்த. நாளைக்குக் கொடத்த யாரு தூக்கறது?"

கதவைச் சாத்திக்கொண்டு முட்டி போட்டேன். ஜெபம் வரவில்லை. குடத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஆண்டவரிடம் என்ன கேட்பது? அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, மூடி மறைக்க எனக்குத் தெரியும். சரி பண்ணத்தான் தெரியல. நீரே வழி காட்டும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

மேடம் வந்தார்கள். குடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவர்களைக் குளத்துக்குள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று தலை குனிந்து நின்றேன். அவர்கள் குனிந்து தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, "இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலம்மா. ஒண்ணு கேக்கறேன். உங்க உப்புப் பாத்தியில தண்ணி மட்டும் எப்படி மண்ணுக்குள்ள போகாம நிக்குது?" என்றார்கள்.

"எறங்குனா உப்பு ஏதும்மா? களிமண்ணப் போட்டு மிதிச்சி மிதிச்சி இறுக்கிடுவோம்..."

சொல்லிக்கொண்டே வந்த வாய் நின்றுவிட்டது. காசியம்மா என்னைப் பார்த்தாள். கீழே இறங்கும் தண்ணீரைத் தடுக்கிற மண், கீழிருந்து ஏறும் தண்ணீரையும் தடுக்காதா? வருடா வருடம் எங்கள் காலே செய்கிற வேலை. ஆண்டவர் வழியை என் காலடியிலேயே வைத்திருக்கிறார். நான் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

ஆனால் ஏரியிலிருந்து களிமண் கொண்டுவர டிராக்டர் வேண்டும். வேலிக்கு வைத்த பணத்தை டிராக்டருக்கு மாற்ற முடியுமா என்று டிரஸ்ட் கமிட்டியில் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு மேடம் போனார்கள். அந்த இரண்டு நாளும் நான் வானத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மொபெட் சத்தம் கேட்டது. கமிட்டி சரி என்று சொல்லிவிட்டது. பெரிய இடமாக இருந்தால் அந்தக் காகிதம் மேசை மாறுவதற்குள் மழையே முடிந்திருக்கும்.

இனி மழைதான். உப்புக் குவியலின் மேல் மழை விழக் கூடாது என்று ஆயுசு முழுக்க ஜெபம் பண்ணினவள் நான். இப்போது, "ஆண்டவரே, மழை வேணும். ஆனா பத்து நாள் கழிச்சி வேணும்" என்றேன். இந்தக் கிழவிக்கு என்னதான் வேண்டும் என்று அவரே குழம்பியிருப்பார்.

ஊறியதை இறைத்து, களிமண்ணைக் கொட்டி, தோளோடு தோள் கோர்த்து மிதித்தோம். காசியம்மா அவள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு மிதித்தாள், நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டு மிதித்தேன். இரண்டு தரம் தூறல் போட்டது. இரண்டு தரமும் என் உயிர் போய் வந்தது. நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது. வேலிகாத்தான் முள்ளை வெட்டி நாங்களே வேலியும் போட்டோம். பதினோராம் நாள் மழை பிடித்தது. ஆண்டவர் ஒரு நாள் கூடுதலாகவே கொடுத்தார்.

மழை விட்டதும் தெருவே குளத்தங்கரையில் நின்றது. எனக்குக் குடிக்கத் தைரியமில்லை. காசியம்மா அள்ளிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னாடி, கரிக்குதா?"

"மண்ணு வாசன அடிக்குது. உப்பு இல்லடி, கெழவி!"

அந்த முகச்சுளிப்புக்காக அவளை இன்னும் மன்னிக்கவில்லை. சபையார் அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு சலோமி அந்த வரப்பில் ஏறவில்லை. தை மாதம் பேத்தி பிறந்தாள், நல்ல சுகமாக. அவளை முதலில் குளிப்பாட்டியது அந்தக் குளத்துத் தண்ணீரில்தான். நானும் கொஞ்சம் மாறினேன். இப்போது பொய் சொல்வதில்லை, மருமகள் குழம்பு ருசியாக இருக்கிறது என்பதைத் தவிர.

உங்களில் யாராவது செய்த தப்பை மூடி வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தால், குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஜெபியுங்கள். உதவி செய்ய வந்தவர்களிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். ஆண்டவர் கைவிட மாட்டார். இது 2006 சித்திரை. வெயில் கொளுத்துகிறது. எங்கள் குளத்தில் இன்னும் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. இந்தப் பக்கம் வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.