ஏலத்தில் போன பூட்ஸ்

நான் மலையேறிய காலமெல்லாம் அம்மா இங்கே எங்கள் கருங்கல் ஊரில் எனக்காக உபவாசம் இருப்பாள். இமயமலையில் எங்களுக்குச் சுமை தூக்கியவர்களின் கிராமத்தில், பனி விழுந்து பள்ளிக்கூடக் கூரை இடிந்தது. அதைக் கட்டிக்கொடுக்க, என் மலையேற்ற பூட்ஸை எங்கள் தேவாலயச் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்தேன்.

ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும், அது மறுபடி ஏலம் போவதும் எங்கள் வழக்கம். பூட்ஸும் அப்படிக் கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியில் அம்மா கேட்ட விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

"தாருங்க அக்கா, இன்னொருக்கா விடலாம்" என்றார் ஏலம் விட்டவர்.

அம்மா பூட்ஸை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"தரமாட்டேன். எம் பிள்ள மலை ஏறினது போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அப்படியொரு கோபம். ஆனாலும் அதன்பின் நான் எந்த உச்சிக்கும் போகவில்லை. வருடாவருடம் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்பளி கொண்டுபோவதோடு சரி.

போன மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். அவள் கட்டிலுக்கடியில் பூட்ஸ் இருந்தது. எங்கள் ஊர் ஈரத்துக்குத் தோல் என்றால் பூஞ்சை பிடித்துவிடும். இதில் ஒரு பொட்டுகூட இல்லை. முகர்ந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய் மணத்தது.

இந்த வருடம் கம்பளி கொண்டுபோனபோது அதைத்தான் போட்டிருந்தேன்.