கையெழுத்து போடத் தெரிந்த கன்னியம்மா

போன செவ்வாய்க்கிழமை காலை காலிங்பெல் அடித்தது. திறந்தால், ஐம்பது வயசைத் தாண்டிய ஓர் அம்மா. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"டீச்சர், நான்தான்... பால்வாடி கிளாஸ் கன்னியம்மா. நீங்க ஃபாரின்லேர்ந்து வந்துட்டீங்கன்னு பால் பூத்துல சொன்னாங்க."

முப்பது வருஷத்துக்கு முன்னால், பருத்திப்பட்டில் ஒரு பால்வாடிக் கட்டடத்தில் நான் நடத்திய முதியோர் கல்வி வகுப்பின் முதல் மாணவி. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்துநாலு. முதியோர் என்ற வார்த்தையைச் சொல்லி இரண்டு பேரும் சிரிப்போம்.

உட்காரவைத்து காபி கொடுத்தேன். குடிக்கவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து நீட்டினாள்.

"இத்த கொஞ்சம் படிச்சு சொல்லுங்க டீச்சர். பட்டாவுல பேரு மாத்தணும்னு தம்பி இட்டுகினு போயி கையெழுத்து வாங்கினான். இப்ப இன்னாடான்னா, ஊட்டாண்ட வராதன்றான்."

முதல் பக்கத்துத் தலைப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. விடுதலைப் பத்திரம். வேப்பம்பட்டில் அப்பா விட்டுப்போன ஒன்றரை கிரவுண்டு வீட்டில் தன் பாகம் முழுவதையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள் கன்னியம்மா... முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நான் படித்துச் சொல்லச் சொல்ல, அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இருக்கிற வாடகை வீட்டைத் தை மாசத்துக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாகத்தில் ஒரு ஷீட் போட்ட ரூம் எழுப்பிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்திருக்கிறாள். வேறு போக்கிடம் கிடையாது.

"பத்திரம் எழுதுறவர் உனக்குப் படிச்சுக் காட்டலையா?" என்றேன்.

"அவரு கேட்டாரு டீச்சர். கையெழுத்து போடுவியா, கைநாட்டான்னு. போடுவேன்னேன். அப்ப சரின்னு பேனாவைக் குடுத்துட்டாரு. எனுக்கு முன்னாடி ஒரு பொம்பள, கைநாட்டு. அவங்களுக்கு மட்டும் ஒக்காந்து மொத்தமும் படிச்சுக் காட்டினாரு."

கைநாட்டு வைக்கிறவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டியதாகக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். அது வழக்கம். கையெழுத்து போடுகிறவர் படிக்கத் தெரிந்தவர் — அதுவும் வழக்கம். கன்னியம்மாவை முதல் வரிசையிலிருந்து இரண்டாவது வரிசைக்கு மாற்றி நிறுத்தியது யார்? நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாத வகுப்பு. ஃபேக்டரி வேலை முடிந்து, சோறு வடித்துவிட்டு, கண் சொருக வந்து உட்காருவார்கள். அ, ஆ தாண்டுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். மேலிடத்திலிருந்து கேட்பார்கள்: எத்தனை பேர் கையெழுத்து போடுகிறார்கள்? அவ்வளவுதான் கேள்வி. ஆகவே எழுத்துகளை ஓரமாக வைத்துவிட்டு, அவரவர் பேரை மட்டும் கோலம் மாதிரி வரையப் பழக்கினோம். கன்னியம்மா ஒன்பது நாளில் வரைந்துவிட்டாள். கைதட்டினோம். ரிஜிஸ்டரில் எழுத்தறிவு பெற்றவர் என்று எழுதியது என் கைதான்.

அந்த ரிஜிஸ்டர்தான் எனக்கு வெளிநாட்டு வேலை வாங்கிக் கொடுத்தது. மலாவி, எத்தியோப்பியா, கம்போடியா. ஜீப், சம்பளம், சர்வதேச நிபுணர் என்று ஒரு பட்டம். மலாவியில் மாமரத்தடியில் நாற்பது பெண்கள் முதன்முதலாகத் தங்கள் பேரை எழுதியதையும், பணம் கொடுத்த நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா போட்டோ எடுத்துக்கொண்டே அழுததையும் இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்? நீங்களும் சலிக்காமல் படித்தீர்கள். நானும் அன்று அழுதேன் என்று எழுதினேன். அது பொய்யில்லை.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அங்கேயும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். கையெழுத்திடக் கற்றோர். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தோர் என்று ஒரு கட்டம் எந்த நாட்டிலும் நான் பார்க்கவில்லை. வேண்டும் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என் எண்ணிக்கை என்ன ஆகியிருக்கும்?

அந்த நாற்பது பேரில் எத்தனை பேர், எந்தக் காகிதத்தில், எந்தத் தம்பிக்கு, எதை எழுதிக் கொடுத்தார்களோ... செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே நினைப்பு. தூக்கம் பிடிக்கவில்லை.

அன்று அவள் எதிரிலேயே, தெரிந்த வக்கீல் ஒருவருக்குப் போன் போட்டேன். விவரத்தைக் கேட்டுக்கொண்டார். "கேஸ் போடலாம் மேடம். ஆனா கையெழுத்து தெளிவா போட்டிருக்காங்கன்னு சொல்றீங்களே... கைநாட்டா இருந்தா கொஞ்சம் தெம்பா பேசலாம்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கன்னியம்மாவும் கேட்டாள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "தினமும் வா, இந்தத் தடவை நல்லா படிக்கவே சொல்லித் தரேன்" என்றேன்.

"எத்தினி நாள் ஆவும்?"

"ஒரு வருஷமாவது ஆகும்."

"அப்ப மூணு மாசம்னு சொன்னீங்களே டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

கீழே கேட் வரைக்கும் கூடப் போனேன். எங்கள் அபார்ட்மென்டில் விசிட்டர் ரிஜிஸ்டர் உண்டு. செக்யூரிட்டி நோட்டைத் திருப்பி வைத்து, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்றார். கன்னியம்மா பேனாவை வாங்கினாள். குனிந்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"இதுல இன்னா எழுதிகீது?"

செக்யூரிட்டி சிரித்தார். "வெளிய போற டைம்தாம்மா."

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் நோட்டை வாங்கி அந்த வரியை முழுசாகப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் போட்டாள்.

முப்பது வருஷம், நாலு நாடு... அந்த ஒரு கேள்வியைக் கேட்க நான் யாருக்குமே சொல்லிக் கொடுக்கவில்லை.