ஓரகத்தி உட்கார்ந்த கல்

எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான். நடுநடுவே மறந்தும் போகிறது. ஆனால் அந்தத் துவைக்கிற கல் மறக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்வாசலில், குழாய்க்குப் பக்கத்தில் கிடக்கிற கருங்கல். ஓர் ஓரம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். சாயந்திரமானால் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். எதிரே குழாயடித் திட்டில் என் மகள், மடியில் சட்டப் புத்தகம். ஊறவைத்த துணி வாளியோடு நான் சமையலறை வாசலில் நிற்பேன்.

அந்தக் கல்லில் சாயந்திரம் என்னுடையது. காலையில் மூத்தவள், சாயந்திரம் சின்னவள் என்று என் மாமியார் சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. அப்போது நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். காலையில் துவைத்துப் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி வருவதற்குள் வெயிலில் காய்ந்திருக்கும். சாயந்திரம் துவைத்தது எங்கே காயும்? மழைக்காலத்தில் ஈர யூனிபாரம் சேலையை உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டு போவேன். நாளெல்லாம் வீட்டில் இருந்த ஓரகத்திக்குக் காலை. மாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்படித்தான், நாலு பேர் முன்னால் பேச்சு வராது.

என் மகள் வயசான காலத்தில் எனக்குப் பிறந்தவள். சட்டம் படித்து, கறுப்புக் கோட்டும் போட்டு, திருவள்ளூர் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் வக்கீல்களுக்கென்று தனியாக ஒரு பரீட்சை இருக்கிறதாம். அதில் தேறாவிட்டால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போட முடியாது. புத்தகத்தை உள்ளே எடுத்துப்போகலாம், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று புத்தியில் இல்லாவிட்டால் தேடுவதற்குள் மணி அடித்துவிடும் என்றாள். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் அவளுக்குப் பாடம் மனசில் நிற்கும். முதல் தடவை என்னைத்தான் உட்காரவைத்தாள். நான் எல்லாவற்றுக்கும் “ம்” கொட்டினேன். “புரியுதாம்மா?” என்பாள். “புரியுது கண்ணு” என்பேன். பெற்ற பெண்ணிடம் புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தத் தடவை அவள் தேறவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த தடவை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பெரியம்மாவிடம் போனாள், அவ்வளவுதான்.

ஓரகத்தியும் என்னைப்போல அரைகுறைப் படிப்புதான். ஆனால் அவள் “ம்” கொட்டுகிற ஆள் இல்லை. குற்றம் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்கவேண்டும் என்று மகள் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் கோழிய ஒருத்தன் புடிச்சித் தின்னுட்டான்னா?”

“அவன்தான் தின்னான்னு நீதான் பெரிம்மா காட்டணும்.”

“தின்னவன் ஏப்பம் உட்டுக்கினு குந்தினு இருப்பான், தொலச்சவ ஓடணுமா? இன்னாடி சட்டம் இது, பேஜாரா கீது!”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, மறுபடியும் அதையே வேறு விதமாக விளக்கினாள். முன்ஜாமீன் பாடத்துக்கும் அதே கதைதான். “இன்னும் புடிக்கவே இல்லியே, அதுக்குள்ள எப்டிடி உடுவாங்க?” சண்டை போட்டுச் சண்டை போட்டே அந்தப் பாடமெல்லாம் என் மகளுக்குள் இறங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. என் பெண், என் கல், என் சாயந்திரம். மூன்றிலும் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சை நெருங்கிய சமயம் ஒரு நாள், ஒருமுறை தீர்ப்பான விஷயத்தை அதே ஆட்கள் மறுபடியும் கிளப்பக்கூடாது என்ற பாடம் வந்தது. ரெஸ் ஜுடிகேட்டா என்று பெயராம். ஓரகத்தி தொடையைத் தட்டிக்கொண்டாள்.

“தோ, இந்தக் கல்லு மாதிரி. காலைல எனக்குன்னு அத்தை அன்னிக்கே சொல்ட்டாங்க. உங்கம்மா இனிமே வாயத் தொறக்க முடியாது, இல்ல?”

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாளியை நங்கென்று கீழே வைத்தேன். “என்னைத்தான் யாருமே கேக்கலியே” என்றேன். ஈரச் சேலையோடு பஸ் ஏறியதையெல்லாம் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

மகள் எழுந்தே விட்டாள். “அம்மா பாயிண்ட்ட புடிச்சிட்டாங்க பெரிம்மா! ஒரு தரப்பக் கேக்காம சொன்ன தீர்ப்பு நிக்காது. இதுக்குப் பேருதான் இயற்கை நீதி.”

ஓரகத்தி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். “இத்தினி வருசமா வாயில இன்னாடி வச்சிக்கினு இருந்த?” என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, “உடு, நான் அப்பீல் போறேன்” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஜெயித்தது நான், ஆனால் என் மகள் சிரித்தது தோற்றவளோடு. மறுநாள் காலையில் ஓரகத்தி குளித்துவிட்டு, துணி துவைக்காமல் எனக்காகக் கல்லைக் காலியாக விட்டிருந்தாள். நான் போகவில்லை.

பரீட்சையில் மகள் தேறினாள். அந்தச் செய்தி முதலில் பின்வாசல் வழியாகத்தான் போனது. அடுப்படியில் இருந்த எனக்கு ஓரகத்தி போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது.

போன மழைக்காலத்தில் ஓரகத்தி நெஞ்சுவலியில் போய்விட்டாள். மகள் இப்போது நீதிபதிகளுக்கான பரீட்சைக்குப் படிக்கிறாள். கல்லைக் காட்டி, “குந்தும்மா” என்றாள். உட்கார்ந்தேன். இந்தத் தடவை “ம்” கொட்டக்கூடாது என்ற முடிவோடு இருந்தேன். “அப்ப பொய் கேஸு போட்டவன யார் கேப்பாங்க?” என்று ஒரு கேள்வி கேட்டேன். மகள் படிப்பதை நிறுத்திவிட்டாள். “பெரிம்மா மாதிரியே கேக்கறம்மா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நானாக யோசித்துக் கேட்ட கேள்வி.

காலையில் கல் சும்மாதான் கிடக்கிறது. நான் இன்னும் சாயந்திரந்தான் துவைக்கிறேன். இதில் சட்டத்தின் பெயர்களைத் தப்பாக எழுதியிருப்பேன், எது முன்னே எது பின்னே என்பதும் மாறியிருக்கும். மகள் ஒருமுறை படித்துச் சரிபார்க்கட்டும். இது முழுக்க என் தரப்பு. அவள் கையில் கொடுத்தால் பெரியம்மாவின் தரப்பையும் எழுதிச் சேர்த்துவிடுவாள், எனக்குத் தெரியும். சேர்க்கட்டும். அந்தக் கல்லில் சாயந்திரம் என்னுடையது என்பதில் மட்டும் கை வைக்கவேண்டாம்.